நட்சத்திரக் குறியும் ஒரு ழகரமும்

என் பெயரின் நடுவில் ஒரு ழகரம் இருக்கிறது. அம்மாவுக்கு அது கடைசிவரை வரவில்லை. எங்கள் ஊர் மதுரைக்குத் தெற்கே. அங்கே மழை 'மள', கோழி 'கோளி', வாழைப்பழம் 'வாளப்பளம்'. ஆறாம் வகுப்பில் தமிழாசிரியர் நாக்கை மடித்து ழகரம் சொல்லப் பழக்கிவிட்டார். பழகிய சூட்டோடு வீட்டுக்கு வந்து அம்மாவைத் திருத்த ஆரம்பித்தேன்.

"ளா இல்லம்மா, ழா. நாக்க நல்லா மடி."

அம்மா சிரித்துக்கொண்டே இரண்டு தடவை முயன்று பார்த்தாள். "போடா, எனக்கு இனிமே எங்க வரப்போகுது" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் விடவில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில், அவள் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் திருத்தினேன். கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வந்த ஒரு நாள்தான் கவனித்தேன், அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. "தம்பி, அவங்களுக்குத் தண்ணி குடு." "தம்பி, எல போடு." வெளியாட்கள் முன்னால் அதற்குப் பிறகு எப்போதும் தம்பிதான்.

இலக்கணப்படி நான் சொன்னது சரி. ஆனாலும் ஏதோ ஒரு தப்பைச் செய்திருக்கிறேன் என்பது தெரிந்தது. அது என்ன தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. பல வருடங்கள் கழித்து, உலகத்தில் யாருமே பேசாத ஒரு மொழியின் ஒலி மாற்றங்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டுக்கொள்ள முடிந்தது.

*

மொழி வரலாற்றுப் புத்தகங்களில் சில சொற்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்தச் சொல் எந்தக் கல்வெட்டிலும் சுவடியிலும் கிடைக்கவில்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் வருவித்தது என்று அதற்குப் பொருள். என் தொழிலின் பாஷையில் சொன்னால், மூலக் கோட் தொலைந்துவிட்டது. அதிலிருந்து பிரிந்துபோன நான்கைந்து பதிப்புகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்து மூலம் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறோம்.

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கணக்கைப் பேருந்துப் பலகைகளில் பார்த்தேன். மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி. 'ஹள்ளி' வேறொன்றுமில்லை, திருச்சிராப்பள்ளியில் இருக்கும் அதே 'பள்ளி', ஊர் என்ற பழைய பொருளில். கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த பகரம் ஹகரமாகிவிட்டது. பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து. ஒரு சொல்லை மட்டும் தனியாகப் பிடித்து மாற்றியதாக இல்லை. அந்த ஒலி அந்த இடத்தில் வரும் சொற்களையெல்லாம் ஒரு அலை போல மாற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஓசூர் இதற்கு நல்ல உதாரணம். கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய. அதன் பழைய வடிவம் 'பொச', நம்முடைய 'புது'வின் உறவு. ஆக ஹொசூர் என்பது புதூர். தமிழ் வாயில் ஹகரமும் விழுந்து ஓசூர் ஆகிவிட்டது.

சரி, கன்னடம் மாறிவிட்டது, தமிழ் அப்படியே நிற்கிறது என்று மார்தட்டலாமா? செவிக்குக் கன்னடத்தில் கிவி. சேரிக்குக் கேரி. நம்முடைய 'செம்' அங்கே 'கெம்', சிவப்பு என்றால் கெம்பு. இந்த வரிசையில் மாறியவர்கள் நாம். இகர எகரங்களுக்கு முன்னால் இருந்த ககரம் நம்மிடம் சகரமானது. செவிக்கு மூலமாக அறிஞர்கள் நட்சத்திரக் குறியோடு எழுதும் சொல்லில் முதல் ஒலி ககரம்தான். சங்கப் பாடல்களிலேயே 'செவி' வந்துவிட்டதால் இது அதற்கும் முன்னால் நடந்த கதை. ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு தாத்தா, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் ககரமே வரமாட்டேங்குது" என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளைகளின் கொச்சைதான் இன்று நமக்குச் செவ்வியல்.

நட்சத்திரக் குறி போட்ட சொற்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இரண்டு பக்கமும் சாட்சி உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் ஷ்லைஷர் 1868-ல், தான் மீட்டெடுத்த இந்தோ ஐரோப்பிய மூலமொழியில் ஆடும் குதிரைகளும் பேசும் குட்டிக்கதை ஒன்றையே எழுதிவிட்டார். ஹெர்மன் ஹிர்ட் அதே கதையைத் திருத்தி எழுதி 1939-ல் வெளிவந்த வடிவத்தில் மொழியின் தோற்றமே மாறியிருந்தது. அதன் பிறகும் பலர் திருத்தியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஃபெர்டினாண்ட் டி சசூர் 21 வயதில் எழுதி 1879 என்ற ஆண்டோடு வெளிவந்த நூலில், மூலமொழியில் சில ஒலிகள் இருந்து எல்லாக் கிளைகளிலும் மறைந்திருக்க வேண்டும் என்று வெறும் கணக்கிலிருந்து சொன்னார். பிறகு ஹிட்டைட் மொழியின் களிமண் பலகைகள் வாசிக்கப்பட்டன. சசூர் சொன்ன இடங்கள் சிலவற்றில் ஒரு ஒலி உண்மையிலேயே உட்கார்ந்திருப்பதை 1927-ல் குரிலோவிச் காட்டினார். இல்லாத மூதாதையைப் பற்றிப் பேசுவது சில சமயம் வெறும் கற்பனையாகவும் சில சமயம் தோண்டியெடுத்த உண்மையாகவும் முடிகிறது.

*

இந்தக் கலையைத் தலைகீழாகச் செய்து பார்த்தவர் டோல்கீன். நாவலாசிரியராகத்தான் நமக்கு அவரைத் தெரியும். தொழிலால் அவர் மொழி வரலாற்றாளர். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் வேலை பார்த்தவர், பிறகு அங்கேயே பழைய ஆங்கிலப் பேராசிரியர். ஃபின்னிஷ் மொழியின் மேல் வந்த மோகத்தில் க்வென்யா, வெல்ஷ் மொழியின் மேல் வந்த மோகத்தில் சிந்தாரின் என்று எல்ஃப்களுக்கு இரண்டு மொழிகளை உருவாக்கினார். அதோடு நின்றிருந்தால் அது பொழுதுபோக்கு. அவர் அந்த இரண்டுக்கும் பொதுவான ஒரு மூதாதை மொழியையும், அதிலிருந்து ஒவ்வொன்றும் எந்தெந்த ஒலி விதிகளால் பிரிந்தது என்பதையும் வாழ்நாள் முழுக்க எழுதி எழுதித் திருத்தினார்.

மூதாதை மொழியில் மரம் 'கலதா'. க்வென்யாவில் முதல் ககரம் மறைந்து, நடு உயிரும் விழுந்து 'அல்தா'. சிந்தாரினில் ககரம் தங்கியது, கடைசி உயிர் போனது: 'கலத்', அதன் கடைசி ஒலி மெல்ல உரசும் தகரம். அன்னத்துக்கு மூதாதைச் சொல் 'அல்க்வா'. க்வென்யாவில் அது அப்படியே நிற்கிறது. டெலெரி என்ற கடலோர எல்ஃப்களிடம் 'அல்பா', சிந்தாரினில் 'அல்ஃப்'. இந்த 'க்வ', 'ப' ஆகும் மாற்றம் டோல்கீன் காற்றிலிருந்து பிடித்ததில்லை. லத்தீனில் நான்கு 'க்வாட்டுவோர்', வெல்ஷில் 'பெத்வார்'.

இலக்கணத்திலும் இதே வேலைதான். சிந்தாரினில் 'அமோன்' என்றால் குன்று, பன்மை 'எமின்'. அமோன் ஹென், எமின் முயில் என்ற இடப்பெயர்கள் நாவலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏன் இப்படி உள்ளே உயிரெழுத்துகள் மாறுகின்றன? மூதாதை மொழியில் பன்மை விகுதி ஒரு ஈகாரம். அது முன்னால் இருந்த உயிர்களைத் தன் பக்கம் இழுத்து மாற்றியது. பிறகு தானே மறைந்துவிட்டது. போனவரின் கைரேகை மட்டும் மிச்சம். நம் பேச்சுத் தமிழிலும் இது நடந்திருக்கிறது. 'படுத்தான்' பேச்சிலும் படுத்தான்தான். 'வைத்தான்' மட்டும் 'வச்சான்', 'உடைத்தான்' 'ஒடச்சான்'. ஐகாரம் தனக்குப் பின்னால் வந்த த்தவை ச்சவாக மாற்றிவிட்டு அகரமாகத் தேய்ந்துவிட்டது. ஒடச்சான் என்பது சோம்பேறித்தனமில்லை, அதற்குள்ளே வரிசையாக விதிகள் வேலை செய்திருக்கின்றன.

டோல்கீனின் மூதாதை மொழி பெரும்பாலும் பிறகு வந்தது என்பதுதான் வேடிக்கை. பெயர் முதலில் நாவலில் அச்சாகிவிடும். பிறகு அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு கட்ட வேண்டும். எல்ரோஸ் என்ற பெயரின் 'ரோஸ்' எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பக்கம் பக்கமாக அழகான விளக்கம் எழுதினார். கெய்ர் ஆன்ட்ரோஸ் என்ற தீவின் பெயரில் 'ரோஸ்' வேறு கணக்கில் ஏற்கெனவே அச்சாகிவிட்டதைப் பிறகு கவனித்து, இந்த விளக்கம் பெரும்பாலும் தேறாது என்று குறித்து வைத்தார். மென்பொருள்காரர்களுக்கு இந்த வலி தெரியும். வெளியிட்ட பதிப்பை மாற்ற முடியாது, உள்ளே இருப்பதைத்தான் வளைக்க வேண்டும். தன் கற்பனை மொழிக்குத் தானே இவ்வளவு கட்டுப்படுகிற ஒரு மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

*

அப்படி அவர் வளைக்கப்போன ஒரு இடத்தில்தான் என் கேள்வி இருந்தது.

நிலவுக்குச் சிந்தாரினில் 'இத்தில்', க்வென்யாவில் 'இஸில்'. நடுவில் இருந்தது ஆங்கில 'திங்க்' என்ற சொல்லின் முதல் ஒலி. உரசும் த என்று வைத்துக்கொள்வோம். க்வென்யா பேசிய நோல்டோர் குலத்தாரிடம் அது ஸகரமாகிவிட்டது. நம் உலகத்தில் இதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. 1870-களில் ஜெர்மனியில் எழுந்த இளம் இலக்கணவாதிகள் சொன்னது அதுதான்: ஒலி விதிகள் குருடு, யாருடைய விருப்பத்தையும் கேட்காமல் வேலை செய்யும். ஆனால் எல்ஃப்களுக்கு மூப்பில் சாவு கிடையாது. நம்மிடம் ஒலி மாறுவது தாத்தா செத்துப் பேரன் பிறக்கும் இடைவெளியில். பழைய ஒலியைப் பேசியவர் போய்விடுவார், புதியதைக் கேட்டுத் திருத்த ஆள் இருக்காது. எல்ஃப் ஊரில் தாத்தா சாகமாட்டார். அப்படியென்றால் அங்கே ஒலி மாறுகிறது என்றால் யாரோ தெரிந்தே மாற்றுகிறார்கள் என்றுதானே பொருள்?

1968 வாக்கில் டோல்கீன் இதற்கு ஒரு கதை எழுதினார். அவர் மகன் கிறிஸ்டோபர் அதை 1996-ல் பதிப்பித்தார். நோல்டோர் அரசன் ஃபின்வேயின் முதல் மனைவி மீரியெல், ஊசி வேலையில் தேர்ந்தவள். அதனால் அவளுக்கு அமைந்த பெயர் தெரிந்தே. தமிழில் எழுதினால் இப்படி வருவது தற்செயல்தான், ஆனால் எனக்கு ஒரு நொடி தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெயரின் முதல் ஒலி உரசும் த. தன் பெயரை அப்படியே சொல்ல வேண்டும் என்று அவள் விரும்பினாள். ஊர் ஸகரத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஃபெயனோரைப் பெற்ற அயர்ச்சியில் வாழ விருப்பமற்று அவள் உயிரை விட்டாள். ஃபின்வே இந்திஸை மணந்தார். இந்திஸ் பிறந்த வன்யார் குலத்தில் உரசும் த அப்படியே இருந்தது. ஆனாலும் புகுந்த வீட்டு மக்களோடு ஒன்றாக வேண்டும் என்று அவள் ஸகரத்தை எடுத்துக்கொண்டாள். மகன் ஃபெயனோர் கண்ணில் அது தன் தாயின் பெயரை அழிக்கிற செயல். அவனும் அவன் ஆட்களும் உரசும் த-வை விடவே இல்லை. ஸகரம் பேசுபவன் எதிரி என்ற அளவுக்கு அது வளர்ந்தது.

முதல் வாசிப்பில் நான் முழுக்க ஃபெயனோர் பக்கம். தாய் வேண்டிக்கொண்ட ஒரே ஒரு ஒலி. இரண்டாவது வாசிப்பில்தான் ஒன்று உறைத்தது. டோல்கீனின் சொந்த விதிப்படியே, ஃபெயனோர் உயிரைக் கொடுத்துக் காத்த உரசும் த பழைய ஒலி இல்லை. அதற்கும் முன்னால், மூதாதை மொழியில், அது மூச்சு சேர்த்துச் சொல்லும் வெடிப்பொலி. 'தர்மம்' என்பதை வடமொழிக்காரர் அழுத்திச் சொல்வதற்குக் கிட்டத்தட்ட உறவான ஒன்று. அந்த ஒலி தேய்ந்துதான் உரசும் த வந்தது. ஆக ஃபெயனோரின் தாயும் ஒரு மாற்றத்தின் நடுவில்தான் பேசினாள். பழமைதான் சரி என்றால் எந்தத் தேதியின் பழமை? அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்திருக்காது. அவன் காத்தது பழமையை இல்லை, அம்மாவை. ஆனால் வாதாடும்போது இலக்கணத்தை இழுத்தான். துக்கத்துக்கு இலக்கணச் சட்டை மாட்டியதும் அது மற்றவர்கள் மேல் சாட்டையாகிவிட்டது.

*

இது கதைக்குள் மட்டும் நடப்பதில்லை. பைபிளில் நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில், யோர்தான் ஆற்றுத் துறையைக் கடக்க வருகிறவனிடம் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்கிறார்கள். 'சிபோலேத்' என்று சொன்னால் அவன் எதிரிக் கோத்திரம், அங்கேயே வெட்டு. அன்று 42,000 பேர் விழுந்ததாக அந்த நூல் சொல்கிறது. டோல்கீனின் அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று உண்டு. இலங்கைக் கலவரங்களைப் பற்றிய நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவது, வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி ஆளைப் பிரித்த கதை. 'பால்திய' என்பது அந்தச் சொல். அதன் முதல் ஒலி அழுத்தமற்ற, தொண்டை அதிரும் பகரம். தமிழ் நாக்குக்கு அது சொல்லின் முதலில் இயல்பாக வராது. நான் இப்போது எழுதியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். தப்பித்த உச்சரிப்பையும் மாட்டிக்கொண்ட உச்சரிப்பையும் தமிழ் எழுத்தில் ஒரே மாதிரிதான் எழுத முடியும். எழுத்தில் இல்லாத ஒரு வித்தியாசத்துக்கு மனிதர்கள் உயிரால் விலை கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் நாக்கை மடிக்கச் சொல்வதையும் தெருவில் கொல்வதையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை ஓடுகிறது: ஒருவர் வாயிலிருந்து வரும் ஒலி, அவர் யார், எவ்வளவு மதிப்புக்குரியவர் என்பதைச் சொல்லிவிடும். ஒலி மாற்றம் அப்படி எதையும் சொல்வதில்லை. அது யார் பிறந்த ஊர் எது, யார் மடியில் வளர்ந்தார் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

அப்படியென்றால் ழகரத்தைச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா? கொடுக்கத்தான் வேண்டும். எனக்குக் கற்றுத்தந்த ஆசிரியருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஒரு ஒலியைப் பிள்ளைக்குக் கொடுப்பது சொத்துக் கொடுப்பது போல. அந்த ஒலி இல்லாதவரை அதைக் காட்டிக் கூனிக் குறுக வைப்பது வேறு காரியம். இந்திஸின் ஊரும் இதைத்தான் செய்யத் தவறியது என்று நினைக்கிறேன். மொழி முழுவதையும் பழைய ஒலிக்குத் திருப்ப யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் ஒரு பெண் தன் பெயரை இப்படிச் சொல்லுங்கள் என்று கேட்டாள். நிலவு இஸில் ஆகட்டும், அந்த ஒரு பெயரை மட்டும் அவள் கேட்டபடி சொல்லியிருக்கலாம். மொழிக்கு நாம் பட்ட கடன் என்று ஒன்று இருக்கிறதா தெரியவில்லை. மனிதர்களுக்குப் பட்ட கடன் நிச்சயம் இருக்கிறது.

*

என் கணக்குக்கு வருகிறேன். ஃபெயனோர் அம்மாவுக்காகப் பழைய ஒலியைப் பிடித்துக்கொண்டான். நான் பழைய ஒலிக்காக அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். அவன் துக்கத்தில் செய்தான். நான் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய மிதப்பில் செய்தேன்.

கன்னடத்தில் மழைக்கு 'மளெ', கோழிக்கு 'கோளி', ஏழுக்கு 'ஏளு'. அங்கேயும் ஒரு காலத்தில் ழகரத்துக்குத் தனி எழுத்து இருந்தது, பிறகு ஒலியும் போய் எழுத்தும் போனது. இன்று பெங்களூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை 'மளெ' என்று எழுதினால் அது சரியான விடை. அம்மா வாயில் நடந்தது அதே மாற்றம். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அது இலக்கணம், இந்தப் பக்கம் பிழை.

இன்னொன்றும் இருக்கிறது. என் பெயரை வைத்தது அம்மாதான். அப்பா வேறு பெயர் சொன்னாராம், இவள் ஒரே பிடியாக நின்றாளாம். அவள் மனதில் அந்தப் பெயர் ளகரத்தோடுதான் உதித்திருக்கும். தொட்டிலில் முதல் தடவை கூப்பிட்டதும் ளகரத்தோடுதான். பிறப்புச் சான்றிதழில் எழுதியவர்தான் ழகரம் போட்டார். அப்படிப் பார்த்தால் என் பெயரின் மூல வடிவம் எது? ஆவணத்தில் இருப்பதா, அதற்கு முன்னால் ஒருத்தியின் வாயில் மட்டும் இருந்ததா? பெயர் யாருடையது, வைத்தவருடையதா, வைத்துக்கொண்டிருப்பவருடையதா? மீரியெல் விஷயத்தில் எனக்குப் பதில் சுலபமாக வந்தது. என் விஷயத்தில் வரவில்லை. என் பெயரை நான் விரும்பும்படி சொல்லச் சொல்வதற்கு எனக்கும் உரிமை உண்டுதான். அவளிடம் அந்த உரிமையைக் கேட்டிருக்க வேண்டியதில்லை என்று மட்டும் இப்போது தெரிகிறது.

அம்மா போய் நான்கு வருடமாகிறது. அவள் குரலில் என் பெயர் எங்கும் பதிவாகவில்லை. செல்பேசியில் தேடிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் அவள் அனுப்பிய குரல் செய்திகள் சில இருக்கின்றன. எல்லாம் "தம்பி, சாப்டியா" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அவள் சொன்ன வடிவத்தை இனி நான் நினைவிலிருந்து வருவித்துக்கொள்ள வேண்டியதுதான், முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு.

இங்கே பெங்களூரில் எங்கள் தெருமுனைக் கடைக்கார அம்மாவுக்கு என் பெயரில் இருக்கும் ழகரம் வராது. பால் பாக்கெட்டை நீட்டிக்கொண்டே ளகரத்தில்தான் கூப்பிடுகிறார். முதல் நாள் பழக்கதோஷத்தில் திருத்த வாய் திறந்தேன். பிறகு, "ஹேளி அம்மா" என்று மட்டும் சொன்னேன். கன்னடத்தில் அதற்கு 'சொல்லுங்கம்மா' என்று பொருள்.